சமநிலைப் பாரம் ஒன்று, ஐம்பத்திரண்டு கிலோ

கண்டல்முனை விமான நிலையத்தில் எனக்கு மாடு கலைக்கிற வேலை. கையில் தந்த கடிதத்தில் அப்படி இல்லை. 'ஓடுபாதைத் தடை அகற்றல் உதவியாளர்' என்று இருந்தது. மாடுகளுக்கு அது தெரியாது. வாவிப் பக்கமிருந்து எருமைகள் வரும். வயல் வட்டைப் பக்கமிருந்து பசுக்கள் வரும். நடுவில் தார் போட்ட இடத்தில் இரண்டும் சந்தித்துப் படுத்துக்கொள்ளும். நான் கம்போடு போய் ஒவ்வொன்றாக எழுப்புவேன். எழும்பும். நான் திரும்பி வர, அதுகளும் திரும்பி வரும்.

விமானம் கிழமைக்கு இரண்டு தரம், செவ்வாயும் வெள்ளியும். பன்னிரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. ஐந்து வருடமாகப் பாதை பூட்டுவதும் திறப்பதுமாக இருந்தது. பொலநறுவைப் பக்கம் சண்டை என்றால் பஸ் இல்லை. ரயில் எப்போதோ நின்றுபோனது. அதனால் கொழும்பில் இருந்த பெரியவர்கள் யோசித்து, நாட்டுப்புறத்துச் சனமும் பறக்கட்டும் என்று, டிக்கட்டில் முக்கால் பங்கை அரசாங்கம் பொறுக்கிற மாதிரி இந்தச் சேவையைத் தந்தார்கள். நல்ல மனதோடு தந்ததுதான். பறக்க விரும்பும் ஆள் கிராம சேவகரின் கடிதம், பொலிஸ் கடிதம், இராணுவ முகாம் கடிதம் மூன்றையும் ஏழு நாளைக்கு முன்னம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முகாம் கடிதம் ஐந்து நாளைக்குத்தான் செல்லும்.

சனம் இந்தக் கணக்கை ஒரு மாதத்தில் விளங்கிக்கொண்டு வராமல் விட்டது. 

நிலையத்துக்குப் பொறுப்பதிகாரி வினாயகமூர்த்தி ஐயா. வெள்ளை உடுப்பு, கழுத்தில் கறுப்பு ரை, தொப்பி. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இருந்தால் நெருப்பில் வாட்டிய மீன் மாதிரி ஆகிவிடுவார், ஆனால் ரையைத் தளர்த்தமாட்டார். விமானம் இறங்கும்போதும் ஏறும்போதும் நேராக நின்று கையெடுத்துச் சலாம் வைப்பார். நாங்கள் ஆறு கூலியாட்களும் அவருக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். விமானம் வராத நாட்களிலும் ஒன்பது ஐம்பதுக்கு வெளியே வந்து வெறும் வானத்துக்குச் சலாம் வைப்பார். ஏன் ஐயா என்று கேட்டதற்கு, "நேர அட்டவணைக்கு ஒரு மரியாதை இரிக்கி நல்லரத்தினம்" என்றார்.

எழுதுவினைஞன் ஹலீம், ஏறாவூர்ப் பிள்ளை. ஆட்களைத் தராசில் நிறுத்து, பெயர் பதிகிற இடாப்பில் எழுதுவது அவன் வேலை. தராசு காத்தான்குடிக் கடையில் இருந்து வந்த அரிசி நிறுக்கிற தராசு. காற்று எந்தப் பக்கம் என்று காட்டுவதற்குக் கம்பத்தில் கட்டும் துணிப்பை கிழிந்து மூன்று வருடம். கொழும்புக்கு ஒன்பது கடிதம் போட்டும் பை வரவில்லை. ஹலீம் தான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் கொண்டுவந்து கட்டினான். சாரம் இரண்டு பக்கமும் திறந்ததுதானே, காற்றை நன்றாகப் பிடித்தது. விமானிகளுக்கும் கட்டம் போட்ட சாரம் தூரத்தில் இருந்தே தெரிந்தது. எனக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித் தந்தவனும் ஹலீம்தான். விமானம் வராத நாட்கள் நிறைய இருந்தன.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் கொழும்பில் இருந்து ஒரு சுற்றுநிருபம் வந்தது. ஒவ்வொரு விமானத்திலும் ஆறு பேராவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் மானியம் நிறுத்தப்படும். மானியம் நின்றால் விமானம் நிற்கும். விமானம் நின்றால் வினாயகமூர்த்தி ஐயாவும் ஹலீமும் நாங்கள் ஆறு பேரும் வீட்டில்.

ஐயா அன்று முழுக்க யோசித்தார். அடுத்த செவ்வாய் எங்கள் ஆறு பேரையும் கூப்பிட்டு, கால் கழுவிக்கொண்டு விமானத்தில் ஏறச் சொன்னார். ஏறி இருந்தோம். ஹலீம் வந்து தலை எண்ணினான். இடாப்பில் எங்கள் பெயர்களை எழுதினான். பிறகு பின் கதவைத் திறந்து எங்களை இறங்கச் சொன்னார்கள்.

"ஐயா, இறங்கினா நாங்க போகல்லத்தானே?" என்று கேட்டேன்.

"ஏறினது ஆரு?"

"நான்."

"எண்ணினது ஆரு?"

"ஹலீம் தம்பி."

"பொறகென்ன? இடாப்பில 'ஏறியவர்' எண்டு ஒரு நிரல் இரிக்கி. 'இறங்கியவர்' எண்டு நிரல் இல்ல. இல்லாத நிரல நான் எப்படி நிரப்புற?"

ஆனால் விமானி ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு பேர் என்று கணக்குக் காட்டினால் ஆறு பேரின் நிறையும் உள்ளே இருக்க வேண்டும், அதை வைத்துத்தான் அவர் விமானத்தின் சமநிலையைப் பார்க்கிறாராம். அதனால் நாங்கள் இறங்க இறங்க எங்கள் நிறைக்கு மண்மூட்டை ஏறியது. அவனவன் மூட்டையை அவனவனே வாவிக்கரையில் மண் அள்ளி நிரப்பிக் கட்டிச் சுமந்து வந்து வைக்க வேண்டும். என்னுடையது ஐம்பத்திரண்டு கிலோ.

"அண்ணன், போன கெழம அம்பத்திமூணு இருந்தீங்களே. சாப்பிடுறல்லியா?" என்று ஹலீம் கேட்பான்.

"மூட்டையில ஒரு கை மண்ணக் குறைக்கன், விடு."

இப்படி நாற்பத்தொரு தரம். கொழும்பில் மண்ணைக் கொட்டிவிட்டுச் சாக்கை வைத்துக்கொள்வார்களாம். கண்டல்முனை மண் எங்கள் பெயரில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. நாங்கள் கால் கழுவுவதும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தோம்.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை, காத்தான்குடியில் டெலிபோன் கடை வைத்திருக்கிற மர்சூக்கிடம் இருந்து ஆள் வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

"கெதியா வா மச்சான். உன்ட பொஞ்சாதி நாலு மணிக்குத் திரும்ப எடுப்பா. குவைத்தில இருந்து இல்ல, கொழும்பில இருந்து."

"கொழும்பிலயா?"

"எனக்கிட்டக் கேட்டா? அவட்டக் கேளு."

கண்ணகை குவைத்துக்குப் போய் ஐந்து வருடம். ஒரு வீட்டில் உடுப்புத் தோய்க்கவும் சமைக்கவும் போனவள். இரண்டு வருடம் என்று சொல்லித்தான் போனாள். மணி அடித்தது.

"இஞ்சாருங்க, நான் வந்திட்டன்."

"எப்ப?"

"மூணு நாளாகிது. லொட்ஜில இரிக்கன். லொட்ஜுக்காரன் வெள்ளிக்கிழம வரைக்குந்தான் பொலிசில என்னப் பதிஞ்சிரிக்கானாம். அதுக்குப் பொறகு இரிக்க ஏலாதாம். முந்தநாள் பொலிஸ்காரனுகள் வந்து பக்கத்து அறையில இருந்த புள்ளைகள் ரெண்டு பேர ஏத்திட்டுப் போனானுகள். வாழச்சேனைப் புள்ளைகள். என்னமோ கடதாசி இல்லையாம்."

"பிளேனில வரலாமே புள்ள. இஞ்ச நம்மட ஊருக்கே வருகுது."

"கேக்காம இருப்பனா? கண்டல்முனையில இருந்து பிளேனில வந்த ஆளுக்குத்தான் திரும்பிப் போற டிக்கட்டாம். நான் அஞ்சு வருசத்துக்கு முதல் பஸ்ஸில வந்தவ. 'பஸ்ஸில வந்தவங்க பஸ்ஸில போங்க' எண்டானுகள். 'பஸ் ஓடல்லியே தம்பி' எண்டன். 'அதுக்குத்தான் பிளேன் விட்டிரிக்கம்' எண்டானுகள்."

அழுகிறாளோ என்று காதை அமர்த்திக் கேட்டேன். அழவில்லை. களைத்த ஆளின் மூச்சுத்தான் கேட்டது.

"நான் வாறன்" என்றேன். "எனக்கு அதிலதான் வேல. டிக்கட் எடுப்பன். பக்கத்தில ஆம்புள ஒண்டு நிண்டா, இது என்ட பொஞ்சாதி, ஊர் இதுதான் எண்டு சொல்லலாம். வெள்ளிக்கிழம பிளேன் இறங்கிற இடத்தில வந்து நில்லு."

"மெய்யா வருவீங்களா?"

"வாறன் கிளி."

மர்சூக் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். "நாப்பத்தொரு தரம் போன ஆளுதானே நீ. வழி தெரியும்" என்று சிரித்தான். ஊருக்கே தெரிந்த கதை அது.

செவ்வாய் காலையில் வினாயகமூர்த்தி ஐயாவிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். நிலைய வேலையாட்களுக்குக் கடிதங்கள் தேவையில்லை என்று ஒரு சலுகை இருந்தது. நானே எழுதிய விண்ணப்பம். அவர் அதை வாசித்தார், பிறகு இடாப்பைத் திறந்தார். தாள் தாளாகப் புரட்டப் புரட்ட அவருடைய முகம் எனக்காக வருத்தப்பட்டது.

"நல்லரத்தினம், ஒரு ஆளுக்கு வருசத்தில ஆறு தரந்தான் மானியம். நீர் நாப்பத்தொரு தரம் போயிரிக்கிறீர்."

"நான் போகல்லியே ஐயா. உங்களுக்குத் தெரியுந்தானே."

"எனக்குத் தெரியும். இடாப்புக்குத் தெரியாதே. அதோட இன்னொண்டு. போன ஆள் ஒருக்காவும் திரும்பி வரல்ல. அடுத்த பிளேனில திரும்பாட்டி திரும்பல் டிக்கட் செத்திரும். நாப்பத்தொரு திரும்பல் டிக்கட்டச் சாகக் குடுத்திரிக்கிறீர். ஒரு தனி ஆள் மானியத்த இவ்வளவு வீணாக்கினத நான் என்ட சேவைக் காலத்தில பார்த்ததில்ல."

"இப்ப நான் எங்க ஐயா நிக்கிறன்?"

அவர் பொய் சொல்ல விரும்பாத மனிதர். இடாப்பை இன்னொரு தரம் பார்த்தார்.

"கொழும்பில."

"அப்ப இஞ்ச மாடு கலைக்கிறது ஆரு?"

"அது வேற இடாப்பு."

வெளியே வந்தேன். ஹலீம் பின்னால் வந்து தோளில் கை வைத்தான். "வெள்ளிக்கிழம பணிப்பாளர் வாறார் அண்ணன். அஞ்சாம் ஆண்டு விழா. அவருக்கிட்ட நேர சொல்லிப் பார்ப்பம்" என்றான். அன்றும் கால் கழுவி ஏறினோம், ஆறு தரக் கணக்கு தெரியவந்ததால் ஒருவரையும் இடாப்பில் எண்ணாமல் இறக்கிவிட்டார்கள். எண்ணப்படாவிட்டாலும் மூட்டை வேண்டும் என்று விமானி சொல்லிவிட்டார். அந்த அவசரத்தில், மனம் ஒரு பக்கம் போக, வாவிக்கரையில் நண்டு வளை இருந்த இடத்தில் மண்வெட்டியைப் போட்டு அள்ளிவிட்டேன். வேறு நாளென்றால் அந்த இடத்தில் கை வைத்திருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் பணிப்பாளரும் அவருடைய ஆட்கள் ஐந்து பேரும் வந்து இறங்கினார்கள். பணிப்பாளர் பெரிய சரீரம். நாங்கள் ஆறு பேரும் மாலையோடு வரிசையில் நின்றோம். அவர் கம்பத்தில் கொடி மாதிரிப் பறந்த சாரத்தைப் பார்த்துச் சலாம் வைத்தார். வினாயகமூர்த்தி ஐயாவும் வைத்தார். அதன் பிறகு யாராலும் அதைச் சாரம் என்று சொல்ல முடியாமல் போய்விட்டது.

பணிப்பாளர் ஆங்கிலத்தில் பேசப் பேச, ஐயா தமிழில் சொன்னார்.

"அன்பான கண்டல்முனை மக்களே! இந்தச் சேவை உங்களுக்கானது. ஆகவே நீங்கள் தேவையில்லாமல் வந்து இதற்கு இடைஞ்சல் செய்யக்கூடாது.

"ஐந்து வருடங்களில் இங்கே ஒரு விபத்துக்கூட நடக்கவில்லை. அரைவாசிப் பறப்புகளை நாங்கள் முன்கூட்டியே ரத்துச் செய்ததால்தான் இதைச் சாதிக்க முடிந்தது.

"இந்த ஆண்டு மட்டும் இங்கிருந்து இருநூற்று நாற்பத்தாறு பேர் கொழும்பு சென்றிருக்கிறார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. ஒரு சேவையில் மக்களுக்கு இதைவிடத் திருப்தி இருக்க முடியுமா?"

கைதட்டினோம். அந்த இருநூற்று நாற்பத்தாறும் நாங்கள் ஆறு பேர்தான். கைதட்டினதும் நாங்கள்தான்.

"இறுதியாக ஒரு வருத்தமான விடயம். கடந்த செவ்வாய்க்கிழமை கொழும்பில் இறக்கிய மண்மூட்டை ஒன்றிலிருந்து நண்டு ஒன்று வெளியே வந்து, பயணிகள் மண்டபத்தில் பக்கவாட்டாக நடந்திருக்கிறது. காவலில் இருந்தவர்கள் துப்பாக்கியோடு நிலை எடுத்திருக்கிறார்கள். மண்டபம் இரண்டு மணித்தியாலம் மூடப்பட்டது. ஆகவே இன்று தொடக்கம் கண்டல்முனையிலிருந்து மண் ஏற்றுவது முற்றாகத் தடை. இந்தச் சுற்றுநிருபத்தில் நான் இங்கே, உங்கள் முன்னாலேயே கையொப்பமிடுகிறேன்."

கையொப்பம் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன். என் பக்கத்தில் நின்ற கச்சி முகம்மது என் விலாவில் இடித்தான்.

"உன்ட நண்டா டா?"

"வாய மூடு."

"நீ போகாட்டியும் உன்ட நண்டு போயிரிக்கி."

விருந்து முடிந்தது, பணிப்பாளரிடம் வாய் திறக்க எனக்கும் ஹலீமுக்கும் இடம் கிடைக்கவில்லை. பணிப்பாளர் திரும்புகிற நேரம் வந்தது. எருமைத் தயிர்ச் சட்டி இருபது, கருவாட்டுப் பெட்டி இரண்டு, தேன் போத்தல்கள், ஒரு சாக்கு முந்திரிக்கொட்டை எல்லாம் ஏறின. முன்பக்கம் பணிப்பாளர் ஏறினார். விமானம் கொஞ்சம் குனிந்தது. விமானி இறங்கி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பின்பக்கத்து வலது மூலைக்கு ஐம்பதுக்குக் குறையாமல், ஐம்பத்தைந்துக்குக் கூடாமல் ஒரு பாரம் வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கமாட்டேன் என்றார்.

"மண்மூட்ட கொண்டு வாங்க" என்றார் வினாயகமூர்த்தி ஐயா, பழக்கத்தில்.

யாரும் அசையவில்லை. பணிப்பாளரின் கையில் சுற்றுநிருபம் இருந்தது. மை இன்னும் காயவில்லை. அவர் அதைக் கிழிக்கலாம் என்று நான் நினைத்தேன். கையொப்பம் வைத்ததைக் கிழிக்க அதிகாரம் உள்ள ஆள் கொழும்பில் இருக்கிறாராம்.

"அரிசி மூட்ட?" என்றான் ஹலீம்.

"மாவட்டத்த விட்டு வெளிய கொண்டுபோக அனுமதி வேணும்."

"சீமெந்து?"

"தட."

"உரம்?"

"அல்லாவே, அத வாயால சொல்லாத" என்றான் கச்சி முகம்மது. உரத்தில் குண்டு செய்வார்கள் என்று ஆட்களைப் பிடிக்கிற காலம்.

தயிர்ச் சட்டியைப் பின்னுக்கு வைக்கலாம் என்று விமானி சொன்னார். தயிர் தளும்பும் என்று பணிப்பாளரின் ஆள் ஒருவர் சொன்னார். இப்படியே கால் மணித்தியாலம் போனது. தடையில்லாத நிறை என்று கண்டல்முனையில் எங்களைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை என்பது எனக்கு மெல்ல மெல்ல விளங்கியது. நான் வரிசையை விட்டு முன்னுக்கு வந்தேன்.

"என்ன ஏத்துங்க ஐயா. நான் அம்பத்திரெண்டு."

"உம்ம ஏத்த ஏலாது. நீர் கொழும்பில இரிக்கிறீர்."

"ஆளா ஏத்த வேணாம். மூட்டையா ஏத்துங்க."

வினாயகமூர்த்தி ஐயா சுற்றுநிருபத்தை வாங்கி மூன்று தரம் வாசித்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "மண் கூடாது எண்டுதான் போட்டிரிக்கி" என்றார். "மனுசன் கூடாது எண்டு போடல்ல."

பணிப்பாளர் ஏதோ கேட்டார். ஐயா திரும்பி என்னைப் பார்த்து, "நீர் வழியில கதைப்பீரா எண்டு கேக்கிறார்" என்றார்.

"கதைக்கமாட்டன்."

"பாரம் கதைக்காது சேர்" என்று ஐயா உறுதி சொன்னார்.

ஹலீம் தராசில் என்னை நிறுத்தான். ஐம்பத்திரண்டு. ஒரு மட்டையை நூலில் கோத்து என் கழுத்தில் கட்டினான். குனிந்து நானே வாசித்தேன். 'சமநிலைப் பாரம் ஒன்று. 52 கிலோ. மீளப் பயன்படுத்தத்தக்கது. அதே விமானத்தில் திருப்பி அனுப்புக.'

"இதென்ன தம்பி, திருப்பி அனுப்புகவா?"

"ஐயா போடச் சொன்னார். செவ்வாய்க்கிழமைக்கும் பாரம் வேணுமே. நீங்க ஒண்டுதான் தடையில்லாம மிஞ்சியிரிக்கிற சாமான்" என்றான் ஹலீம். என் முகத்தைப் பார்க்காமல் முடிச்சை இறுக்கினான். "அண்ணன், அங்க போய் எப்படியும் அவவப் பாருங்க. மிச்சத்த அல்லா பார்ப்பான்."

படியில் கால் வைக்கப் போனேன். ஐயா தடுத்தார். பாரம் தானாக ஏறினால் அது பயணியாம். கச்சி முகம்மதுவும் இன்னொருவனும் என்னைத் தலையிலும் காலிலும் பிடித்துத் தூக்கினார்கள்.

"ஒழுங்காக் கிட. மூட்ட தூக்கிப் பழகின கை, மறந்துபோய் எறிஞ்சிருவன்" என்றான் கச்சி முகம்மது. 

பின்மூலையில் என்னை வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். விமானம் ஓடி எழும்பியது. நாற்பத்துமூன்றாவது தரம்தான் அது எழும்புகிறபோது நான் உள்ளே இருந்தேன். ஐந்து வருடம் நான் நடந்த இடம் முழுவதும் ஒரு பாய் அளவுக்குக் கீழே கிடந்தது. வாவி வெள்ளித் தகடு மாதிரி வளைந்து வளைந்து போனது. ஓடுபாதையில் மாடுகள் அதற்குள் வந்து படுத்துவிட்டன. என்னை அறியாமல் "ஹோய்" என்று ஒரு சத்தம் வந்துவிட்டது. பணிப்பாளர் திரும்பிப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு அவர் தூங்கினார்.

கொழும்பில் எல்லாரும் இறங்கினார்கள், தயிரும் இறங்கியது. கடைசியாகச் சாமான் இறக்கும் பகுதிக்குப் பொறுப்பான பக்கீர் என்ற மனிதர் உள்ளே எட்டிப் பார்த்தார். வயதானவர், அங்கே எல்லாருக்கும் அண்ணன் முறையில் 'காக்கா'. மட்டையை வாசித்தார். என்னைப் பார்த்தார். திரும்ப மட்டையை வாசித்தார்.

"நீங்க மூட்டையா?"

"ஓம்."

"முப்பது வருசமா இந்த வேல செய்றன் வாப்பா. கதைக்கிற மூட்டைய இண்டைக்குத்தான் காண்றன்."

"இறங்கலாமா காக்கா? என்ட பொஞ்சாதி வெளிய நிக்கிறா."

"மூட்ட இறங்க ஏலாது. மூட்டைய இறக்கணும்" என்றார். ஆனால் நல்ல மனிதர். இரண்டு பேரைக் கூப்பிட்டு என்னைத் தள்ளுவண்டியில் இறக்கி, தராசுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நிறை சரியாக இருந்தது. "அர மணித்தியாலத்தில பிளேன் திரும்புது, இண்டைக்கு விழாவுக்கு ரெண்டாவது ஓட்டம் போட்டிரிக்கி. நீங்க இல்லாட்டி பின்னுக்கு நிறை காணாது. எடுக்கமாட்டாங்க. எனக்கு வேலை போயிரும். அதுக்குள்ள பாக்கிறத பாத்துக்கங்க."

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கண்ணகை நின்றாள். பக்கத்தில் பெரிய பை ஒன்று. கறுத்திருந்தாள், மெலிந்திருந்தாள், காதுக்குப் பக்கத்தில் நரை. பக்கீர் காக்கா கதவைத் திறந்து அவளை உள்ளே விட்டார். அவள் என்னைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், கழுத்து மட்டையைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்க! ஆரு உங்களக் கட்டினது?"

"ஹலீம். பயப்பிடாத, நான் பாரமா வந்திரிக்கன்."

"அஞ்சு வருசம் ஒருத்தி இல்லாட்டி இப்படியா ஆகிற?" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. வண்டியின் ஓரத்தில் என் பக்கத்தில் இருந்தாள். நான் கையைப் பிடித்தேன். சவர்க்காரம் தின்ற கை.

"வாங்க போவம்" என்றாள். "அஞ்சு மணிக்கு முதல் லொட்ஜ விடணும்."

"எங்க போற?"

அவள் பையைத் தூக்கி, திரும்பக் கீழே வைத்தாள். ஊரில் இருக்கும்போது, வந்து சேர்ந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று நினைத்திருந்தேன். இங்கே வந்து பார்த்தால் நான் திரும்பினால் இவள் தனிய. நான் நின்றால் இரண்டு பேரும் கடதாசியில்லாமல் தெருவில், பக்கீர் காக்காவுக்கும் வேலை இல்லை. மட்டையை இன்னொரு தரம் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"காக்கா, திரும்பிப் போக வேண்டியது அம்பத்திரெண்டு கிலோதானே?"

"ஓம்."

"அது ஆரு எண்டு இதில இரிக்கா?"

பக்கீர் காக்கா கண்ணாடியைப் போட்டு மட்டையைப் பிடித்தார். பிறகு தன் கடதாசியையும் பார்த்தார். "பேரு இல்ல. ஆணா பொண்ணா எண்டும் இல்ல. மூட்டைக்கு என்னத்துக்கு?" என்றார். அவர் என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு தராசைத் துடைத்தார்.

கண்ணகை விளங்கிக்கொண்டாள். "நான் மாட்டன்" என்றாள். "நீங்க போங்க. நான் அந்நிய இடத்தில இருந்து பழகினவ."

"புள்ள, கேளு. அரசாங்கத்து இடாப்பில நான் கொழும்பிலதான் இரிக்கன். நாப்பத்தொரு தரம் வந்ததுக்கு ஹலீம் எழுதி வெச்சிரிக்கான். நீ ஒரு இடாப்பிலயும் இல்ல. ஆரு நிக்கிறது நல்லம், சொல்லு?"

"இந்த அறுவானுகளுக்கிட்ட உங்கள விட்டிட்டு நான் போறதா?"

"நீ வீட்ட போய்க் கதவத் திற. அது போதும் எனக்கு."

தராசில் ஏறினாள். நாற்பத்தைந்து. குவைத்துக்குப் போகும்போது அறுபதுக்கு மேல் இருந்தவள். பக்கீர் காக்கா "ஏழு காணாது" என்றார். அவளுடைய பையைத் திறந்தோம். ஐந்து வருடத்துச் சாமான் இருபது கிலோவுக்கு மேல் இருந்தது, அதில் ஏழு கிலோ பிரித்து எடுக்க வேண்டும். ஒரு இஸ்திரிப் பெட்டி வைத்தாள், பால்மா டின் இரண்டு வைத்தாள், அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு வாங்கிய வாசனைச் சவர்க்காரங்களை வைத்தாள். கம்பளியை வைக்கப்போய்த் திரும்ப எடுத்து என் மடியில் போட்டாள்.

"நம்மட ஊர் வெக்கைக்குக் கம்பளி என்னத்துக்கு எடுத்த?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான். குளிருக்கு எண்டு இல்ல. அங்க எல்லாரும் வாங்கினாங்க."

சரியாக ஐம்பத்திரண்டு வந்ததும் பக்கீர் காக்கா கையைத் தூக்கினார். நான் என் கழுத்தில் இருந்த மட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். கலியாணத்தன்று தாலிக்குப் போட்ட மாதிரி மூன்று முடிச்சுப் போட்டேன். சாமான் தூக்குகிற இரண்டு பேர் வந்து, "அக்கா, கோவிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கினார்கள். அவள் சேலையைக் காலில் இழுத்துப் பிடித்தபடி, கடைசிவரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டு, ஒரு மூட்டை எப்படிப் போகுமோ அப்படி உள்ளே போனாள். ஐந்து வருடத்துக்குப் பிறகு இருபது நிமிடம் அவளைக் கண்டேன்.

விமானம் ஓடியது. என் காலும் கையும் சும்மா நிற்கத் தெரியாமல் நேராக நின்றன. ஆனால் சலாம் வைக்கவில்லை.

அன்றிரவு பக்கீர் காக்கா தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய மைத்துனர் புறக்கோட்டையில் வெங்காயக் கடை வைத்திருந்தார். அங்கே மூட்டை இறக்கப் போனேன். கடை முதலாளி என்னைப் பொலிசில் பதிந்தார். எப்போது கொழும்புக்கு வந்தாய் என்று அங்கே கேட்டதற்கு, எதைச் சொல்வதென்று தெரியாமல் முதல் தரம் ஏறிய தேதியைச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

பத்து நாளைக்குப் பிறகு மர்சூக்கின் கடைக்கு டெலிபோன் எடுத்தேன். அவன் ஆள் அனுப்பி அவளைக் கூட்டி வந்தான்.

"போய்ச் சேர்ந்தியா புள்ள?"

"சேர்ந்திட்டன். அந்தத் தொப்பிக்கார ஐயா என்னக் கண்டதும் ஒண்டும் கேக்கல்ல. தராசில ஏறச் சொன்னார். அம்பத்திரெண்டு எண்டதும் 'பாரம் ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது' எண்டு எழுதிக் கையெழுத்து வெச்சார். பொறகு செவ்வாய்க்கிழம கொழும்புக்குப் போக வருவீங்களா, பாரம் ஒண்டு காணாது எண்டு கேட்டார்."

"என்ன சொன்ன?"

"எனக்குக் களைப்பு ஐயா எண்டன். அவரும் சரி எண்டிட்டார்."

"வீடு எப்படிக் கிடக்கு?"

"கூரையில ரெண்டு இடத்தில ஒழுகிது. மிச்சம் நல்லாக் கிடக்கு. இஞ்சாருங்க, பூட்டுத் திறப்ப நீங்க இடுப்பிலயே வெச்சிட்டுப் போயிட்டீங்க. வாசலில ஒரு மணித்தியாலம் நிண்டன். பொறகு கல்லால பூட்ட உடைச்சன்."

இடுப்பைத் தடவிப் பார்த்தேன். இருந்தது. 

"புதுப் பூட்டு வாங்கினயா?"

"ஓம். அந்தத் திறப்பு இனி இதுக்குச் செல்லாது. நீங்க வந்தாத் தட்டுங்க. நான் உள்ளுக்குத்தான் இருப்பன்."